பின்னறை யன்னலின் கயிறு

பெயின்ற் பூசுகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் சோம்பேறிகள், நிருஷா. பழைய பூச்சைச் சுரண்டிக் கழற்ற மாட்டார்கள். அதற்கு மேலேயே பூசிவிட்டுப் போவார்கள். கொஞ்சக் காலம் கழித்து இன்னொரு சோம்பேறி வந்து அதற்கும் மேல் பூசுவான். நம் வீட்டு யன்னல்களில் நான் கை வைத்தபோது ஒன்பது பூச்சு இருந்தது. சந்தன நிறம், பச்சை, மண்ணிறம், பிறகு வெள்ளைக்கு மேல் வெள்ளை. உள்ளே மரம் என்று ஒன்று இருப்பதே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை இல்-பிசாரில் உன் வீட்டிலிருந்து நீ தொலைபேசியில் சொன்னதைப் பற்றித்தான். "சித்தி, அந்தப் பழைய யன்னல்தான் அப்பான்ரை உயிரை எடுத்தது. இனி உங்களையும் அதுக்குள்ளை விட்டு வைக்கேலாது. வியாழக்கிழமை இரவிச்சந்திரன் அண்ணை ஆக்களோடை வருவார். எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடப்போறம்" என்றாய். அழுதுகொண்டு சொன்னாய். நான் "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அழுகிற பிள்ளையோடு வாதாடக் கூடாது.

இன்றைக்குத் திங்கள். கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அதை ஆறுதலாக இருந்து வாசி. முதலில் சாப்பிடு. அந்த யன்னலின் மேல் நீ ஒரு பழி போட்டிருக்கிறாய். அது பிழையான பழி. அதைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது.

அந்த யன்னலை நான் தொட்டதே உனக்காகத்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு, யூன் மாதம். உனக்குப் பரீட்சை. பின்னறையில் வேர்த்து ஒழுக இருந்து படித்தாய். யன்னல் பெயின்றில் ஒட்டி அசைய மறுத்தது. சபனெல் தெருவில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடி, கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த காலம் அது. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி மெல்ல மெல்ல வெட்டினேன். மூன்றாம் நாள் காலை சட்டம் விட்டுக்கொடுத்தது. காற்று வந்து உன் கொப்பித் தாள்களைப் பறக்க அடித்தது. நீ சிரித்தாய். உன் அம்மா போய் ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் உன் சிரிப்பைக் கேட்டேன்.

ஆனால் மேலே தூக்கித் திறந்த சட்டம் அங்கே நிற்கவில்லை. விட்டதும் கத்தி மாதிரி விழுந்தது. ஏன் என்று பிரித்துப் பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை; சொல்லித் தர ஒருவருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை. யன்னலின் இரு பக்கமும் சுவருக்குள் ஒடுங்கிய பெட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் இரும்புக் கட்டி தொங்கும். அதில் கட்டிய கயிறு மேலே சின்னக் கப்பி ஒன்றைச் சுற்றி வந்து சட்டத்தின் பக்கவாட்டில் முடியும். சட்டம் மேலே போனால் கட்டி கீழே இறங்கும். இரண்டு கட்டியும் சேர்ந்து சட்டத்தின் பாரத்துக்குச் சரியாக நின்றால், சட்டம் விட்ட இடத்தில் நிற்கும். ஒரு மனிதரும் இல்லாத அறையிலும் அது தன்பாட்டில் சமமாக நிற்கும். அந்தக் காலத்தில் எவனோ ஒருவன் மின்சாரமும் இல்லாமல், வில்லும் இல்லாமல் இதை யோசித்திருக்கிறான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் அதற்கு மேல் பெயின்ற் அடித்தார்கள்.

நான் சட்டத்தைக் கழற்றிக் குளியலறைத் தராசில் நிறுத்தேன். பருத்திக் கயிறு வாங்கி மாற்றினேன். உக்கிய மரத்தை உளியால் எடுத்து அதே மாதிரி மரம் வைத்து ஒட்டினேன். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடிக்கிற புட்டிப் பசையைப் புதிதாகச் சுற்றி வைத்தேன். புட்டியைக் கையில் வைத்துப் பிசைந்து சூடாக்கவேண்டும். ரொட்டி மாவை விடப் பதமாக வேண்டும். கண்ணாடி அந்த நாளையது. அதற்குள் பார்த்தால் வெளியில் போகிற ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல அசைவார்கள். அப்படியான கண்ணாடி இப்போது ஒருவரும் செய்வதில்லை.

எட்டு வருடத்தில் பதினொரு யன்னல். பதினொன்றும் ஒரு விரலால் தூக்கத் திறந்தன.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள், பிறகு அதற்கு வருவேன். கயிறு அறுந்தால் யன்னல் பாரமாகும். அவ்வளவுதான். இரண்டு கையாலும் தூக்கினால் திறக்கும். கயிறு அறுந்ததால் திறக்க முடியாமல் போன யன்னல் உலகத்தில் இல்லை.

உன் அப்பாவை நான் ஒரு நாளும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. அக்கா நோயாய்ப் படுத்தபோது பார்க்க என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அத்தான். அக்கா போன பிறகும் "நீ இஞ்சையே இரு" என்றார். இருந்தேன். அதை நான் மறக்கவில்லை, அவரும் என்னை மறக்க விடவில்லை. ஆனால் எட்டு வருடத்தில் அவர் தன் கையால் ஒரு யன்னலைத் திறந்ததில்லை. கதிரையில் இருந்தபடியே "மலர், யன்னலைத் திற" என்பார். பேந்து "மலர், யன்னலைச் சாத்து" என்பார். நடுச்சட்டத்தில் பித்தளைக் கொண்டி ஒன்று இருக்கிறதே, திருப்பினால் பூட்டுவது, நான் வினாகிரியில் ஊறப்போட்டுத் துலக்கி வைத்திருந்தேன். அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் "உது என்ன, சோடினைக்கோ?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். விளக்கி என்ன பயன்?

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவருக்கு ஒரே பகிடிதான். "எங்கடை மலர் கலியாணம் கட்டேல்லை எண்டு ஆர் சொன்னது? அவ யன்னலோடை கட்டிட்டா. பதினொரு மாப்பிள்ளை." எல்லோரும் சிரிப்பார்கள். கீழ்மாடியில் வாடகைக்கு இருக்கிற நீக்கிலாப்பிள்ளை அண்ணை மட்டும் சிரிக்கமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்திருக்கவில்லை. பகிடிக்காக ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை, பிள்ளை. நான் செய்தது யன்னலுக்காக.

சிரித்தவர்களின் வீடுகளையும் எனக்குத் தெரியும். ஐப்பசி வந்ததும் யன்னலுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடு காட்டி இழுத்து, பொரித்த மீன் மணத்தை ஆறு மாதத்துக்கு உள்ளே அடைத்து வைத்திருப்பார்கள். பிறகு சுவரில் பூஞ்சணம் என்று வைத்தியரிடம் போவார்கள்.

இரண்டாயிரத்து மூன்று மார்கழியில் இரவிச்சந்திரன் வந்தார். ஞாபகம் இருக்கும், உன் வீட்டு யன்னல்களையும் அவர்தான் போட்டுத் தந்தார். மணக்கிற சேட்டு, கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் வெட்டிய பிளாஸ்டிக் யன்னல் துண்டு. அதைக் குழந்தையைத் தருகிறமாதிரி என் கையில் தந்தார்.

"அக்கா, பிடிச்சுப் பாருங்கோ. இருவத்தைஞ்சு வருச உத்தரவாதம்."

"இந்த யன்னல் நிக்கத் தொடங்கி எண்பது வருசம். நீர் இருவத்தைஞ்சைப் பற்றிக் கதைக்கிறீர்" என்றேன்.

அவர் அத்தானைப் பார்த்துக் கண்ணடித்தார். "அக்கா பழங்காலத்து ஆள்."

"அவவை விடும் தம்பி" என்றார் அத்தான். "பதினொரு மாப்பிள்ளையையும் ஒரே நாளிலை இழக்கிறது லேசே?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தான் கையெழுத்து வைத்தார். பழைய சட்டங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "குப்பைத் தொட்டி ஒண்டு வாசலிலை வரும் அக்கா. மேலையிருந்து போடுறதுதான். கண்ணாடி தானா உடையும்" என்றார் இரவிச்சந்திரன். அந்த வசனத்தை அவர் சொன்னபோது பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுட்ட பலகாரம்.

இனி அந்த நாள். பொங்கலுக்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை. பொங்கல் பானை இன்னும் ஊறப்போட்டபடி கிடந்தது. வெளியில் பூச்சியத்துக்குக் கீழ் இருபத்தேழு. காற்றோடு சேர்த்தால் நாற்பது என்று வானொலியில் சொன்னார்கள். காலை பத்து மணிபோல இரவிச்சந்திரன் தொலைபேசி எடுத்தார். பின்னறை யன்னலின் வெளி அளவு எழுத மறந்துபோனாராம். "நீங்களே ஒருக்கால் அளந்து சொல்லுங்கோ அண்ணை, ரெண்டு நிமிச வேலை."

இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் எங்கள் ஆண்களுக்கு இந்த இரண்டு நிமிடம் விளங்கவில்லை. குப்பை வைக்க இரண்டு நிமிடம். கார் கண்ணாடி சுரண்ட இரண்டு நிமிடம். அதற்குக் கோட்டுப் போட்டால் மானம் போய்விடும். உன் அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். கையில்லாத பெனியன், காலில் குளியலறைச் செருப்பு. அந்தக் கோலத்தோடுதான் பின்னறைக்கு வந்தார்.

அந்த யன்னலுக்கு வெளியில் குளிர் மறிக்க இன்னொரு கண்ணாடிச் சட்டம், மேல்யன்னல் என்பது, மாட்டியிருந்தேன், கொழுக்கியில். உள்யன்னலை நான் தூக்கிவிட்டு, கொழுக்கியைக் கழற்றச் சொன்னேன். அவர் கழற்றவில்லை. தோளால் தள்ளினார். அது கொழுக்கியோடு பிய்ந்து வெளியே பனிக்குள் விழுந்து கண்ணாடி நெடுக வெடித்தது. பழைய கண்ணாடி.

யன்னலுக்கு வெளியே இருப்பது கீழ்மாடிக் குசினியின் தட்டைக் கூரை. உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதில் இறங்க நான் விட்டதில்லை. கீழே இறங்கப் படி இல்லை. பின்னால் லேன், லேனுக்கு அப்பால் கராஜ்களின் முதுகு. அத்தான் யன்னலால் ஏறி அந்தக் கூரையில் பனிக்குள் இறங்கினார். அளவு நாடாவை எடுத்தார்.

"மலர், சூடெல்லாம் வெளியாலை போகுது. யன்னலைச் சாத்து" என்றார்.

சாத்தினேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன். யன்னல் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. அவ்வளவு சீராக வைத்திருந்தேன். என் கை பழக்கத்தில் கொண்டியைத் திருப்பியது. அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று அளவைக் கத்திச் சொன்னார். நான் எழுதினேன். முப்பத்திநாலரை. அறுபத்தொன்று. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

பிறகு கண்ணாடியில் தட்டி, "திற" என்றார்.

அப்போது திறந்திருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. கையைக் கொண்டியில் வைத்தேன். அவருக்குப் பின்னால் வெடித்த கண்ணாடி பனிக்குள் கிடந்தது. அதற்கு மேல் அவர் ஒரு காலை வைத்து நின்றார், பனியில் கால் புதையாமல் இருக்க. அதைப் பலகை என்று நினைத்திருப்பார்.

கையை எடுத்தேன்.

"அத்தான், கயிறு அறுந்துபோச்சு. இறுகிட்டுது. கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

"என்னடி விசர்க் கதை? கெதியாத் திற."

"பொறுங்கோ, சாமான் எடுத்துக்கொண்டு வாறன்."

போய் என் உளி, மரச்சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். கதிரையை யன்னலுக்கு முன்னால் போட்டு இருந்தேன். பக்கப் பலகையில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, இரும்புக் கட்டியை எடுக்க. இரண்டு ஆணியையும் கழற்றினேன். கட்டியை வெளியே எடுத்து அவருக்குக் காட்டினேன். "பாருங்கோ அத்தான், இதுதான் விழுந்திட்டுது." அவர் தலையாட்டினார். கப்பிக்கு எண்ணெய் விட்டேன். கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக உன் அப்பா நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொண்டி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. துலக்கிய பித்தளை. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அளவு நாடாவின் இரும்புப் பெட்டியை ஓங்கினார், கண்ணாடியை உடைக்க. நான் எழும்பிக் கையைக் காட்டினேன். "வேண்டாம் அத்தான்! வெட்டினால் இரத்தம் நிக்காது. நீங்கள் குளிசை போடுறனீங்கள் எல்லே?" அவர் இதயத்துக்கு இரத்தத்தை ஐதாக்கும் குளிசை போடுகிறவர். சவரம் செய்கிறபோது கீறினாலே அரைமணி நேரம் பஞ்சு பிடித்துக்கொண்டு நிற்பார். "இந்தா வருது. ரெண்டு நிமிசம்" என்றேன். அவர் கையை இறக்கினார். நான் சொன்னதை அவர் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார். தொலைபேசி அடித்தது. நீக்கிலாப்பிள்ளை அண்ணை.

"தங்கச்சி, மேலை என்ன தட்டுப்படுகுது?"

"நான்தான் அண்ணை. யன்னல் வேலை."

"இந்தக் குளிருக்கையோ? உமக்கு ஓய்வே இல்லை. சரி, முடிச்சிட்டுக் கீழை வாரும், தேத்தண்ணி போடுறன்."

எட்டு வருடமாக என் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுப் பழகிய மனிதர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒருவர்தான் ஒரு நாளாவது "வடிவா இருக்குது தங்கச்சி" என்று சொன்னவர்.

மேல்யன்னல் இல்லாதபடியால் கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி படரத் தொடங்கியது. கீழ் மூலையில் தொடங்கி இலை இலையாக மேலே ஏறியது. அது நல்லதல்ல, உருகினால் தண்ணீர் சட்டத்தின் அடிக்குள் இறங்கி மரத்தை உக்கவைக்கும். துணி ஒன்றை அடியில் சுருட்டி வைத்தேன். உறைபனி அவர் இடுப்பளவுக்கு வந்தபோது தட்டுவது நின்றது. நெஞ்சளவுக்கு வந்தபோது அவர் பேசுவது விளங்கவில்லை. உன் பெயரை ஒரு தடவை சொன்னார். அது உனக்குத் தெரியவேண்டும். உறைபனி முகத்தளவுக்கு வருமுன் அவர் கீழே சரிந்து இருந்துவிட்டார்.

நகத்தால் சுரண்டி ஒரு சதக்குற்றி அளவு ஓட்டை செய்து பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். மொத்தம் ஐம்பது நிமிடம் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்த ஒன்றுதான் என் மனதை நோகச் செய்தது. இரும்புக் கட்டியை அதன் இடத்தில் வைத்து, கயிற்றை, நான் போட்ட நல்ல பருத்திக் கயிற்றை, கத்தியால் வெட்டினேன். கட்டி பெட்டிக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போதுதான் அழுதேன். அந்த அழுகையோடுதான் அவசர உதவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அது வசதியாகவும் இருந்தது. கொண்டியைத் திருப்பிவிட்டு, உளியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து ஒரு இடத்தில் மரத்தைக் காயப்படுத்தினேன், மல்லுக்கட்டியதுபோலத் தெரிய. கையிலும் இரண்டு இடத்தில் சுத்தியலால் அடித்துக்கொண்டேன். செத்தவீட்டில் நீ அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாய்.

பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். அறுந்த கயிறு நுனியில் தும்பு தும்பாக இருக்கும்; வெட்டிய கயிறு மட்டமாக இருக்கும். தையல்காரிக்கு, மீன்காரனுக்கு, பட்டம் விடுகிற சிறுவனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. "பழைய யன்னல்" என்று பிரெஞ்சில் சொல்லித் தலையை ஆட்டினார். மற்றவர் எழுதிக்கொண்டார். கயிறு அறுந்தால் யன்னல் ஏன் திறக்காமல் போகிறது என்று ஒருவராவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். உண்மையாகக் காத்திருந்தேன், நிருஷா. கேட்டிருந்தால் மறைத்திருக்கமாட்டேன். செத்தவீட்டுக்கு வந்த நூற்றைம்பது பேரும் அந்த யன்னலுக்கு முன்னால் நின்று "இந்தச் சனியன் பிடிச்ச யன்னல்" என்று திட்டினார்கள். ஒருவர் காலால் உதைத்தார். ஒருவரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு யன்னல் எப்படித் திறக்கிறது என்று அறியாத சனம். அதற்குள்ளால் பார்த்து, மூச்சு விட்டு, வாழ்ந்து முடித்துவிடுவார்கள்.

அந்தத் துக்கத்தில் யன்னல் மாற்றுகிற பேச்சு நின்றுபோனது. நான் கயிற்றை மாற்றினேன். உளி பட்ட இடத்தை நிரப்பினேன். வெடித்த மேல்யன்னலுக்கு அதே காலத்துக் கண்ணாடி தேடி ஒரு வருடம் அலைந்தேன். அஹுன்ட்சிக் பக்கம் இடிக்கிற வீடு ஒன்றில் கிடைத்தது. உன் அப்பாவின் உள்ளங்கை அடையாளம் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சித்திரை வரைக்கும் இருந்தது. பிறகு வினாகிரி போட்டுத் துடைத்தேன்.

இப்போது நீயும் அவர்கள் சொன்னதையே சொல்கிறாய். மற்றவர்கள் சொன்னால் பொறுப்பேன். நான் வளர்த்த பிள்ளை சொல்லக் கூடாது. அந்த யன்னல் ஒருவரையும் கொல்லவில்லை. கொன்றது நான். யன்னல் அன்றைக்கும் ஒரு விரலுக்குத் திறக்கிற நிலையில்தான் இருந்தது. என் வேலையில் ஒரு பிழையும் இல்லை.

நேரே வந்து பார். உன் அறைக்குள் போ, கொண்டியைத் திருப்பு, சின்ன விரலை அடியில் கொடு. காற்று வரும். உனக்கு விளங்கும்.

பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்று தோன்றினால் எடு, பிள்ளை. நான் மறிக்கமாட்டேன், கோபிக்கவும் மாட்டேன். ஆனால் முதலில் இரவிச்சந்திரனுக்கு எடு, வியாழக்கிழமை வரவேண்டாம் என்று.